நான் நிரப்பாமல் விட்ட கட்டம்

எங்கள் கோயில் ஆபீசில் ஒரு பதிவைத் தேடி எடுக்க எனக்கு மூன்று நிமிஷம் போதும். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர், ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டு யார் வந்தாலும் “அடுத்த வாரம் வாங்க” என்பார். அடுத்த வாரம் போனால் “பீரோ சாவி ஃபாதர்கிட்ட இருக்குது, ஃபாதர் காரைக்கால் போயிருக்காரு” என்பார். கல்யாணத் தேதி குறித்துவிட்டு ஒரு காகிதத்துக்காக நாலு தடவை நடந்த குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. நான் வந்த பிறகு அந்தப் பேச்சே கிடையாது. உட்காருங்க, தண்ணி குடிங்க என்பேன். குடித்து முடிப்பதற்குள் பிரிண்டரிலிருந்து சர்டிபிகேட் வந்துவிடும்.

புதுச்சேரி டவுனுக்குள் இருக்கும் இந்தப் பங்குக் கோயிலில் பதினோரு வருஷமாகக் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் என்று மூன்று வகைப் புத்தகங்கள். பழையவை பிரெஞ்சுக்காரன் காலத்தவை. ஒன்றைத் தூக்கினால் அன்றைக்கெல்லாம் தோள் வலிக்கும். அந்தக் காலத்துச் சாமியார்கள் பிரெஞ்சில்தான் எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் மார்க் அள்ளலாம் என்று இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தேன். அது இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புதிதாக ஒரு ஃபாதர் வந்தார். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வந்த வாரமே, “அக்கா, புத்தகம் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்” என்றார். ஒரு கம்பெனியிலிருந்து வந்து ஒரு மாசம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் பிடித்தார்கள். பிறகு அந்தக் கம்பெனிப் பெண் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினாள்: “மேடம், வெறும் படத்த வச்சுக்கிட்டு கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் தெரியாது. கையெழுத்த அதால படிக்க முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்துல கட்டம் போட்டுத் தர்றோம். கட்டத்துல நீங்க என்ன அடிக்கிறீங்களோ, அத வச்சுத்தான் தேட முடியும்.”

என்னென்ன கட்டம் வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்தேன். ஃபாதருக்கு அந்தப் புத்தகங்களோடு பழக்கம் இல்லை. எனக்கு அவை தலைகீழ்ப் பாடம். பதிவு வகை, பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், தேதிகள் எல்லாம் யாருக்கும் தோன்றுவதுதான். நான் ஞானத்தந்தைக்கும் ஞானத்தாய்க்கும் தனித்தனிக் கட்டம் கேட்டேன். குழந்தையை ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தி நின்று, அதற்குப் பொறுப்பேற்பவர்கள் அவர்கள். பழைய சாமியார்கள் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் எழுதி வைப்பார்கள்: சமையற்காரர், தையற்காரர், பத்திரம் பதியும் நொத்தேர் ஆபீஸ் எழுத்தர் என்று. நான் அதையும் விடாமல் அதே கட்டத்தில் தமிழில் அடித்தேன். “இதெல்லாம் யாரு மேடம் தேடப் போறாங்க?” என்று அந்தப் பெண் சிரித்தாள். “நீ சிரி. புத்தகத்துல இருக்கிறது கம்ப்யூட்டர்ல இருக்கணும்” என்றேன்.

இவ்வளவு கறாராகப் பேசிய நான் ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. கடைசிக் கட்டம், குறிப்பு. எங்கள் கோயில்களில் ஒரு முறை உண்டு. ஒருவருக்கு எந்த ஊரில், எந்தக் கோயிலில் கல்யாணம் நடந்தாலும், நடத்திவைத்த சாமியார் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு ஒரு சீட்டு அனுப்புவார். அது வந்ததும் இங்கே இருக்கும் சாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்த ஆளின் பதிவைத் தேடிப் பிடித்து, பக்கத்து ஓரத்தில் ‘இன்னாரை இன்ன தேதியில் மணந்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இரண்டு ஊரில் இரண்டு கல்யாணம் பண்ணிக்கொண்டு ஒருத்தரும் கோயிலை ஏமாற்ற முடியாது. ஆனால் அந்த ஓரத்து எழுத்து இருக்கிறதே, அப்பப்பா! எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். இடம் போதாமல் மேலே ஏறி வளைந்து போகும். ஒரு ஓரத்தைப் படிக்கும் நேரத்தில் நான் நாலு பதிவு அடித்துவிடுவேன். பிஷப் வருகைக்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்று ஃபாதர் வேறு நெருக்கினார். “குறிப்பு அப்புறம் பாத்துக்கலாம் ஃபாதர்” என்றேன். அவரும் சரி என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை.

போன வருஷம் மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், ஒரு காலை வேளையில் ஓர் அம்மாவும் அவர் மகளும் ஆபீசுக்குள் வந்தார்கள். அம்மாவுக்கு எழுபதை ஒட்டி வயது. மகளுக்கு நாற்பதுக்கு மேல்; ரெட்டியார்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. குடியிருப்பது தவளக்குப்பம் பக்கம் என்றார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு அம்மா முகத்தில் தெரிந்தது. மகள்தான் பேசினாள்.

“எங்கப்பா போய் வருஷம் ஆவப்போவுதுங்க. அம்மா அப்பா கல்யாணப் பதிவு வேணும்.”

எதற்கு என்று கேட்டேன். எதற்கு என்று தெரிந்தால்தான் எந்த மாதிரி சர்டிபிகேட் என்று தெரியும். இப்போது அம்மா பேசினார். அவர் இந்துக் குடும்பம். அவருடைய அப்பா நிலம் வைத்துப் பயிர் செய்தவர். கணவர் எங்கள் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் பிடிக்கவில்லை. கிராமத்துச் சின்னக் கோயில் ஒன்றில், ஒரு சாமியார் அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அதே வாரத்தில் கல்யாணத்தையும் முடித்துவைத்தார். இரண்டு வீட்டிலிருந்தும் ஒருத்தரும் வரவில்லை. போட்டோகூடக் கிடையாது.

“இப்போ அவரு தம்பி, வருஷத் திருப்பலியன்னிக்கு கல்லறையில புதுக்கல்லு வைக்கிறாரு” என்றார் அம்மா. “அவங்க வூட்டு வழக்கம், புருஷன் பேருக்குக் கீழ பொண்டாட்டி பேரையும் வெட்டி, தேதிய மட்டும் காலியா வுடுவாங்க. எம்பேர வெட்ட மாட்டேங்கிறாரு. கோயில்ல கல்யாணம் நடந்ததுக்கு பப்பியே காட்டு, வெட்டுறேன்னு சொல்றாரு. இல்லாட்டி நான் சும்மா கூட இருந்தவளாம்.”

தம்பி பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அந்த வீடுகளில் இன்னும் காகிதத்தைப் பப்பியே என்றுதான் சொல்வார்கள். காகிதம் இல்லாமல் அவர்கள் மூச்சுகூட விட மாட்டார்கள்.

கல்யாணம் நடந்த கோயிலில் கேட்டீர்களா என்றேன். அங்கே ஒரு புயலில் கூரை போய், பெட்டியில் இருந்த புத்தகங்கள் எல்லாம் தண்ணீரில் ஊறிப் போய்விட்டனவாம். டவுன் கோயிலில் இருந்தாலும் இருக்கும் என்று யாரோ சொல்லி இங்கே வந்திருக்கிறார்கள்.

“உட்காருங்க, பாத்துடலாம்” என்றேன். பதிவு வகையில் திருமணம். மணமகன் கட்டத்தில் அவர் பெயர். வருஷம், அம்மா சொன்னதற்கு இரண்டு முன்னால், இரண்டு பின்னால். தேடு. ‘பதிவு எதுவும் இல்லை.’ மணமகள் பெயரைப் போட்டேன். இல்லை. இந்து வீட்டில் வைத்த பழைய பெயரைக் கேட்டுப் போட்டேன். இல்லை. வருஷத்தை எடுத்துவிட்டு வெறும் பெயர்களை மட்டும் வைத்துத் தேடினேன். அந்த மாப்பிள்ளையும் அந்தப் பெண்ணும் சேர்ந்து எங்கள் கல்யாணப் புத்தகம் எதிலும் இல்லை.

திரையை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன். நான் அப்படித்தான், வாயால் சொல்வதோடு விட மாட்டேன், கண்ணாலும் பார்க்க வைப்பேன்.

“நல்லா பாருங்கம்மா. நடந்துச்சு. அன்னிக்கு அப்படி ஒரு மழ. ஆறு பேரு நின்னாங்க” என்றார் அம்மா.

“மழை பெஞ்சதெல்லாம் சரிம்மா. இதுல இருந்தா மூணு நிமிஷத்துல வந்திருக்கும். பதிவு இல்லன்னா கோயில்ல நடக்கலன்னுதான் அர்த்தம்.”

இதை நான் சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது. கோபத்தில்கூடச் சொல்லவில்லை. டிக்கெட் கவுண்டரில் ‘ஃபுல் ஆயிடுச்சு’ என்று சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னேன். மகள் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம், “வாம்மா போலாம்” என்று அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். அவர்கள் பூர்த்தி செய்து கொடுத்த விண்ணப்பத்தில் சிவப்பு மையில் ‘பதிவு இல்லை’ என்று எழுதி ஃபைலில் போட்டேன். அடுத்த ஆள் உள்ளே வந்தார்.

இரண்டு நாள் கழித்து, கல்யாணம் நிச்சயமான ஒரு பெண் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்டு வந்தாள். இந்தச் சர்டிபிகேட்டுக்கு மட்டும் நான் கம்ப்யூட்டரை நம்புவதில்லை. மற்றதெல்லாம் கட்டத்திலிருந்து தானாக வந்து விழும். ஆனால் அடியில் ‘ஓரக் குறிப்பு: எதுவும் இல்லை’ என்று போட வேண்டும். அதற்குப் புத்தகத்தை எடுத்து, பதிவின் ஓரம் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். ஏற்கனவே கல்யாணம் ஆனவள் என்றால் அங்கே எழுதியிருக்கும் அல்லவா? நூறு தடவை செய்த வேலை. பீரோவைத் திறந்து, புத்தகத்தை மேஜையில் விரித்து, அவள் பதிவின் ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழாக இறக்கினேன். காலி. “உனக்கு ஒண்ணும் இல்ல, ராணி மாதிரி கட்டிக்கோ” என்று சொல்ல வாயெடுத்தேன். விரல் அப்படியே நின்றுவிட்டது.

அட மடச்சி! கல்யாணம் கிராமத்தில் நடந்திருந்தால் எங்கள் கல்யாணப் புத்தகத்தில் எப்படி இருக்கும்? அந்தப் புத்தகத்தில் நான் தேடியதே தப்பு. அந்த மனுஷர் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர். கிராமத்துச் சாமியார் ஒழுங்கானவராக இருந்தால் சீட்டு இங்கே வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அவர் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் இருக்கும். நான் ‘அப்புறம்’ என்று தள்ளிவிட்ட அதே ஓரத்தில். இல்லாததை இல்லை என்று சொன்னால் பரவாயில்லை. நான் பார்க்காமல் விட்டதை இல்லை என்று சொல்லி, நடக்கவே இல்லை என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கல்யாணப் பெண்ணை அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பதிவு வகை: ஞானஸ்நானம். பெயர்: அவர் பெயர். திரை நிறைந்து அடுத்த பக்கத்துக்கும் போனது. எங்கள் பங்கில் அந்தக் காலத்தில் பிறந்த ஆண்களில் பாதிப் பேருக்கு ஒரே புனிதர் பெயர்தான். விண்ணப்பத்தோடு வைத்திருந்த அவருடைய ஆதார் நகலில் பிறந்த தேதி இருந்தது, போட்டேன். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? ஜூன் மாசம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் வாய்க்கு வந்ததை எழுதிய தேதி அது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், மூன்று வருஷம் பின்னால் என்று விரித்தேன். அப்போதும் இருபதுக்கு மேல். தகப்பன் பெயரையும் சேர்த்தேன். தகப்பன்மாருக்கும் அதே கதைதான், ஆறு பேர் நின்றார்கள். ஆறு ஓரத்தையும் பார்த்துவிடலாம்தான். ஆனால் ஆதார் தேதி மூன்று வருஷத்துக்கு மேல் தள்ளியிருந்தால்? அரைகுறையாகத் தேடிவிட்டு இன்னொரு தடவை அந்த அம்மாவிடம் ‘இல்லை’ என்று சொல்ல நான் தயாராக இல்லை. விண்ணப்பத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன்.

மகள் எடுத்தாள். யார் என்று சொன்னதும் குரல் மாறியது. “அதான் இல்லன்னு சொல்லிட்டீங்களே. இன்னும் இன்னா?”

“தேட வேண்டிய இடம் வேறம்மா. அம்மாகிட்ட குடு. ஒரே ஒரு விஷயம் கேக்கணும்.”

அப்புறம் அம்மாவின் குரல். மாமனார் என்ன தொழில் செய்தார், மாமியார் பெயர் என்ன என்று கேட்டேன்.

“எனக்கு எப்படித் தெரியும்? அவங்க வூட்டு வாசப்படி நான் மிதிச்சதே இல்லியே.”

“சரி, உங்க வீட்டுக்காரருக்கு ஞானத்தகப்பன் யாருன்னு தெரியுமா?”

“அவரா? அவரு ஒருத்தருதான் எங்கள வுட்டுக் குடுக்காதவரு! வருஷப் பொறப்பு தவறாம வூட்டுக்கு வருவாரு. பேரு தெரியாது, பேண்டு தாத்தான்னு சொல்லுவோம். கோயில் பேண்டுல கிளாரினெட் வாசிச்சவரு.”

பேண்டு! போனை வைத்தேனோ கீழே போட்டேனோ தெரியவில்லை. ஞானத்தந்தை கட்டத்தில் ‘வாத்தியக்காரர்’ என்று அடித்தேன். முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டால், அந்தச் சொல் கட்டத்துக்குள் எங்கே இருந்தாலும் எடுத்துக் கொடுக்கும். பெயர் கட்டத்தில் அந்தப் புனிதர் பெயர். தேதியைக் காலியாக விட்டேன், வம்பே வேண்டாம். தேடு.

ஒன்று. ஒரே ஒரு பதிவு.

சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரத்திலும் எனக்குக் கர்வம் வந்தது. யார் மேடம் தேடப் போகிறார்கள் என்று சிரித்தாளே, அவளை வரவழைத்துக் காட்ட வேண்டும் போல இருந்தது. பதிவைத் திறந்தேன். பிறந்த வருஷம் ஆதாருக்கு நாலு வருஷம் முன்னால் இருந்தது. விரித்துப் பார்த்த ஆறு பேரில் இவர் இல்லவே இல்லை. பக்கத்தின் படம் வந்தது. புத்தகத் தையலை ஒட்டிய ஓரம் நிழலடித்துக் கருப்பாக இருந்தது. அந்தக் கருப்புக்குள் நீலமாக ஏதோ இருந்தது. எழுத்தா, கறையா, தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கினால் கருப்புதான் பெரிதானது.

பீரோவைத் திறந்து அந்தப் புத்தகத்தை இழுத்தேன். பக்கத்தை விரித்து, தையல் பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். நீல மை. பிரெஞ்சு. சாய்ந்த எழுத்து. இன்ன கிராமத்துக் கோயிலில், இன்ன தேதியில், இன்னாருடைய மகளாகிய இன்னாரை மணந்தார். கீழே அந்தக் காலத்துப் பங்குச் சாமியாரின் கையெழுத்து. நாற்பத்தைந்து வருஷமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் விழுந்துவிடப் போகிறதே என்று தலையைத் தள்ளிக்கொண்டேன்.

உடனே போன் போட்டுச் சொன்னேன்; மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மாவும் மகளும் வந்துவிட்டார்கள். ஃபாதரையும் கூப்பிட்டேன். புத்தகத்தை மேஜையில் வைத்து, ஓரத்தைக் காட்டி, முதலில் பிரெஞ்சில் அப்படியே படித்தேன், அப்புறம் தமிழில் சொன்னேன். அம்மா நின்றுகொண்டே கேட்டார்.

“எம்பேரு இருக்குதா?”

“இருக்கும்மா. இதோ. ஞானஸ்நானப் பேரு, முன்னாடி இருந்த பேரு, ரெண்டுமே இருக்கு.”

“இது இன்னா?”

“உங்க அப்பா பேரு. இன்னாருடைய மகள்னு எழுதியிருக்கு.”

“எங்கப்பாவா? அவரு கல்யாணத்துக்கு வரவே இல்லியே” என்றவர், அந்த இடத்தைத் தொடலாமா என்று ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் தலையாட்டினார். ஈரம் இருக்குமோ என்று முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு, அந்தப் பெயரின் மேல் வைத்தார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். நான் சர்டிபிகேட் அடித்தேன். குறிப்பு என்ற இடத்தில் முதல் தடவையாக முழு வாசகமும் வந்தது. ஃபாதர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

சொல்தா தம்பி அதை நம்பவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. அன்று சாயந்திரம் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு விறைப்பாக ஆபீசுக்கு வந்தார். “கம்ப்யூட்டர்ல யாரு வேணா எது வேணா அடிக்கலாம். புத்தகத்தக் காட்டு” என்றார். இந்த வாதம் அவர் வாயிலிருந்து வந்ததற்கு எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதும் ஒரு வகையில் சரிதானே? புத்தகத்தை அவர் முன்னால் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். எழுத்தைப் படித்தாரோ இல்லையோ, கையெழுத்தைப் பார்த்ததுமே அவர் தோள் இறங்கியது.

“எங்க ஞானோபதேச வகுப்பு சாமியாரு. இந்தக் கைதான் என் காதத் திருகுனது” என்றார். கையெழுத்தின் மேல் விரலால் தட்டினார். “இவருக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு.”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்களா சார்?” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். “அண்ணிக்கு இன்னா பேருன்னு எழுதிக் குடு, கல்லு வெட்டுறவனுக்குக் குடுக்கணும்” என்றார். அண்ணி என்ற சொல் அவர் வாயில் புதுசு. சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திணறினார்.

வருஷத் திருப்பலிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பூசை முடிந்து எல்லோரும் கல்லறைக்குப் போனோம். கருப்புக் கல். மேலே மாமனார், மாமியார். அப்புறம் கணவர் பெயர், இரண்டு தேதியோடு. அதற்குக் கீழே அம்மாவின் பெயர், ‘மனைவி’ என்று. பிறந்த தேதிக்குப் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் காலி இடம். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். தம்பி மெழுகுவர்த்தியை ஏற்றி அம்மா கையில் கொடுத்தார். அவர் மனைவி மக்களெல்லாம் வரிசையாக வந்து அம்மாவைக் கைகூப்பி வணங்கித் தோத்திரம் சொன்னார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. பொய் சொல்வானேன், இதெல்லாம் நான் தேடிக் கொடுத்ததால் நடந்தது என்று கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

கூட்டம் கலைந்து, வந்தவர்களுக்கு மகள் பன்னும் டீயும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு பன்னை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று, ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா’ என்ற பதிலை வாயில் தயாராக வைத்திருந்தேன்.

“நல்லா இருக்குதும்மா கல்லு. அவரு பாத்தா சந்தோஷப்படுவாரு” என்றார். அப்புறம் மகள் இருந்த பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நீ இல்லன்னு சொன்ன அன்னிக்கு, பஸ்ஸுல போவும்போது எம்பொண்ணு என்னக் கேட்டா. ‘ஏம்மா, நெசமாவே கோயில்லதான் நடந்துச்சா?’ன்னு. அவங்க வூட்டு ஆளுங்க எத்தினியோ பேசுனாங்க, எனக்கு ஒண்ணும் ஆவல. நான் பெத்தவ கேட்டுட்டா.”

பதினோரு வருஷத்தில் என் ஆபீஸ் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்ற யாரிடமும் சொல்லாத வார்த்தையை அன்று சொன்னேன்.

“என் தப்பும்மா.”

“ஆமா, உன் தப்புதான்” என்றார் அவர். என் கையைப் பிடித்து அதில் பன்னை வைத்துவிட்டு, மகளிடம் போனார்.